கை எட்டும் தட்டு

மேட்டூரில் நாங்கள் வளர்ந்த மின்வாரியக் குடியிருப்பு வீட்டில் சுவரலமாரி இரண்டு இருந்தன. கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. ஒன்றரைக் கல் சுவரில் ஒரு கல் ஆழத்துக்கு இடம் விட்டுக் கட்டி, சம இடைவெளியில் பலகை வைத்து, பச்சை பெயிண்ட் அடித்த கதவு போட்டிருந்தார்கள். ஒரு கல் என்றால் 9 அங்குலம். வழக்கமாக மடித்த புடவை 14 அங்குல அகலம் வரும். உள்ளே வைத்தால் கதவு சாத்தாது. இன்னொரு மடிப்பு மடித்தால் அடுக்கு தடித்துப்போய், கதவைத் திறந்ததும் மொத்தமும் சரிந்து விழும். அதனால் அந்த அலமாரிகளில் எங்கள் பாடப்புத்தகமும் மருந்துப் புட்டியும் அப்பாவின் டார்ச் லைட்டும்தான் இருந்தன. துணிமணி எல்லாம் பீரோவில், டிரங்குப் பெட்டியில், கதவுக்குப் பின்னால் கட்டிய கொடியில்.

குடியிருப்பு வீட்டில் நினைத்த இடத்தில் ஆணி அடிக்க முடியாது. மாற்றல் உத்தரவு வந்தால் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றத் தோதாகவும் வைத்திருக்க வேண்டும். எங்கள் வரிசையில் இருந்த எல்லார் வீட்டிலும் இப்படித்தான். நகர்த்தக்கூடியது மட்டும்தான் நம்முடையது என்று பழகிய குடும்பங்கள் அவை.

பீரோ அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. இரும்பு பீரோவை கோத்ரெஜ் நிறுவனம் 1923-லேயே செய்யத் தொடங்கிவிட்டது. பிற்பாடு ஊருக்கு ஊர் பட்டறைக்காரர்கள் ஏறக்குறைய அதே அளவில் செய்தார்கள்: உயரம் 78 அங்குலம், அகலம் 36, ஆழம் 19. அம்மாவுடையது சேலத்துப் பட்டறை ஒன்றில் செய்தது. கைப்பிடியைத் திருகினால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் கம்பிகள் ஒரே நேரத்தில் விடுபட்டு, வீடே கேட்கும்படி ஒரு சத்தம் வரும்.

அந்த பீரோவுக்குள் யார் பொருள் எந்தத் தட்டில் இருந்தது என்று நான் பல வருஷம் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு நேரான தட்டில் அப்பாவின் சட்டை, பேன்ட். அதற்குக் கீழே லாக்கர், அதில் எல்.ஐ.சி. பத்திரமும் ரேஷன் அட்டையும் அப்பாவின் சம்பளக் கவரும். அதற்கும் கீழே எங்கள் பள்ளிச் சீருடை. தரையை ஒட்டிய தட்டில் அம்மாவின் பருத்திப் புடவைகள். உச்சித் தட்டில் அம்மாவின் பட்டுப் புடவைகள். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். தினமும் கட்டும் புடவையை எடுக்கக் குத்துக்கால் போட்டு உட்கார வேண்டும். விசேஷத்துக்குக் கட்டும் புடவையை எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். அவர் பிறந்த வீட்டார் வாங்கிக் கொடுத்த பீரோ அது.

முழங்காலுக்கு மேலே, கண்ணுக்குக் கீழே இருக்கிற தட்டுகள்தான் ஒரு வீட்டின் நல்ல இடம். குனியாமல், எக்காமல் கை போய் வரும் இடம். அந்த இடம் யாருக்குக் கிடைத்திருக்கிறது என்று பார்த்தால் அந்த வீட்டைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அப்பா அவசரமாகக் கிளம்புகிறவர், பிள்ளைகள் பள்ளிக்கு ஓடுகிறவர்கள், அம்மா வீட்டில்தானே இருக்கிறார், மெதுவாக எடுத்துக்கொள்வார் என்று தானாகவே அமைந்துவிடுகிறது. அப்படித் தானாக அமைவதை மாற்றத்தான் அலமாரிக்குத் திட்டம் போட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அப்பாவின் அவசரம் உண்மையான அவசரம்தான். அவருக்குச் சுரங்க மின் நிலையத்தில் வேலை. மேட்டூர் அணையடியில் 1937-லேயே மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுரங்க மின் நிலையம் 1965-66-இல் ஓடத் தொடங்கியது. 50 மெகாவாட் எந்திரங்கள் நான்கு. டெல்டாவுக்குப் பாசனத் தண்ணீர் போகும்போதுதான் அவை சுழலும். ஜூன் 12 அன்று குறுவைக்கு மதகு திறந்துவிட்டார்கள் என்றால் எங்கள் வீட்டில் ஷிஃப்ட் கணக்கு தொடங்கிவிடும். காலை 6 மணி ஷிஃப்டுக்கு 5 மணிக்குப் பின்கட்டில் விளக்கு எரியும். இரவு 10 மணிக்கு முடியும் ஷிஃப்ட் என்றால் நாங்கள் தூங்கின பிறகு வருவார். அந்த நேரத்தில் பீரோவைத் திறந்தால் நாங்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். அதனால் அம்மா முந்தின இரவே காக்கிச் சட்டை, பேன்ட், பனியன், கைக்குட்டை எல்லாவற்றையும் எடுத்து, கூடத்து நாற்காலி முதுகில் வரிசையாகப் போட்டுவைப்பார். வருஷக்கணக்காக அந்த நாற்காலிதான் அப்பாவின் அலமாரி.

1994-இல் ராமன் நகர்ப் பக்கம் மனை வாங்கிச் சொந்த வீடு கட்ட ஆரம்பித்தோம். சுவர் ஏழடி எழும்பியபோது மேஸ்திரி அப்பாவிடம் வந்து, “சார், கப்போர்டுக்குக் கடப்பா கல்லு எடுத்தாரணும். எல்லா வீட்லயும் 15 இஞ்சுக்கு ஒண்ணு வெச்சிருவோமுங்க. அப்படியே வெச்சிரட்டுங்களா?” என்று கேட்டார். அப்பா சரி என்று சொல்ல வாயெடுத்தார். செங்கலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, “இருங்க மேஸ்திரி, அளந்துட்டுச் சொல்றேன். நாளைக்கு வாங்க” என்றார். அம்மா அப்படி இடைமறித்துப் பேசி நாங்கள் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி குடியிருப்பு வீட்டின் கூடத்தில் பாயை விரித்து, வீட்டில் இருந்த துணி மொத்தத்தையும் இறக்கினோம். தையல் மெஷின் டிராயரில் இருந்த இஞ்ச் டேப்பை எடுத்து அம்மா அளந்தார், அக்கா சொல்லச்சொல்ல நான் நோட்டில் எழுதினேன். பருத்திப் புடவை அடுக்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் போனால் சாய ஆரம்பிக்கிறது. ஆக, தட்டுக்குத் தட்டு 10, 12 அங்குலம் போதும். 15 வைத்தால் மேலே நிறைய இடம் வீண், அந்த வீண் இடத்தில் கண்டதையும் திணிக்கத் தோன்றும். சட்டை மாட்டும் ஹேங்கரின் அகலம் 17, 18 அங்குலம். கதவு தட்டாமல் இருக்க அலமாரி 22 அங்குல ஆழமாவது வேண்டும். மடித்து வைக்கும் துணிக்கு அவ்வளவு ஆழம் ஆகாது. முன்னால் ஒரு அடுக்கு, பின்னால் ஒரு அடுக்கு என்று ஆகி, பின்னால் போனது அடுத்த பொங்கலுக்குத்தான் வெளியே வரும். அதற்கு 16 அங்குலம் சரி. தொங்கும் சட்டைக்குக் கம்பியிலிருந்து கீழே 40 அங்குல உயரம். பாவாடை, ஜாக்கெட், உள்ளாடை இவற்றுக்குத் தட்டே கூடாது, டிராயர்தான் வேண்டும் என்றார் அம்மா. பெண்கள் உள்ளாடையைப் புடவைக்கு அடியில் ஒளித்துவைத்தே பழகிய வீட்டில் அது பெரிய கோரிக்கை.

படுக்கைச் சாமான் கணக்குத்தான் எங்கள் ஊருக்கென்று உள்ள கணக்கு. ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் கொள்ளாது. காவிரியில் தலைமுழுகி, அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வரும். எங்கள் வீட்டுக்கும் ஜலகண்டாபுரத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் சொந்தம் வந்து இறங்கும். ஆடி 17 ராத்திரி கூடம், தாழ்வாரம், மொட்டைமாடி எங்கும் ஆள் படுத்திருப்பார்கள். அதற்காகப் பவானி ஜமக்காளம், கோரைப்பாய், இலவம்பஞ்சுத் தலையணை எல்லாம் வைத்திருக்க வேண்டும். மற்ற நாளில் அவற்றுக்கு வேலை இல்லை. இந்த மாதிரி எப்போதாவது எடுக்கிற பொருளுக்குத்தான் அட்டாலி என்கிற பரண். தினப்படி பொருளை அட்டாலியில் ஏற்றக் கூடாது, அட்டாலிச் சாமானைக் கீழே விடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். சுருட்டிய மெத்தை உள்ளே போக 24 அங்குல உயரம் விடச் சொன்னார். மேட்டூர் வெயிலில் கான்கிரீட் கூரையை ஒட்டிய அட்டாலி சித்திரை மாதம் அனலாக இருக்கும். போட்டோ ஆல்பம் ஒட்டிக்கொள்ளும், ரப்பர், எலாஸ்டிக் எல்லாம் பொடிந்துபோகும். பாய், ஜமக்காளம், அண்டா, குத்துவிளக்கு இவற்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மறுநாள் நோட்டைப் பார்த்த மேஸ்திரிக்கு ஒரு கவலை. ஒவ்வொரு அறையிலும் கல் வெவ்வேறு மட்டத்தில் வந்தால் பார்க்க நன்றாக இருக்காதே என்றார். கதவு போட்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அம்மா கேட்டார். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டே அளவைக் குறித்துக்கொண்டார்.

பல வருஷம் கழித்து மார்கரேட்டா ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக்கலைஞரைப் பற்றிப் படித்தேன். 1926-இல் ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக அவர் ஒரு சமையலறை வடிவமைத்தார். வேலை செய்கிற பெண் எத்தனை தடவை நடக்கிறாள், எங்கே கை நீட்டுகிறாள் என்பதைக் கணக்கெடுத்து, அதற்கேற்பத் தட்டும் டிராயரும் மேடையும் வைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை வந்தது. அதே காலத்தில்தான் மேட்டூரில் அணை வேலை தொடங்கி, கூலிக்கு வந்தவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கேம்ப் கேம்பாக வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சேலம் கேம்ப் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. உள்ளே புழங்கப்போகிறவளின் கை எவ்வளவு உயரம் எட்டும் என்று இங்கே யாரும் டேப் பிடித்திருக்க மாட்டார்கள். எங்கள் அம்மா அந்த ஜெர்மன் கதையைக் கேள்விப்பட்டதில்லை. அவர் பிடித்த அளவு அதே அளவு.

புது வீட்டில் அப்பாவின் அலமாரி படுக்கையறைக்குள் வரவில்லை. குளியலறைக்கு எதிரே, நடையில் வைத்தோம். “அவரு எந்நேரம் வந்தாலும் எந்நேரம் போனாலும் ஒருத்தரும் முழிச்சுக்க வேண்டாம்” என்றார் அம்மா. குளித்துவிட்டு வந்து அங்கேயே உடுத்திக்கொண்டு அப்படியே வெளியே போகலாம். நாற்காலிக்கு விடுதலை. ஓய்வு பெறும்வரை அப்பா அந்த நடையில் நின்றுதான் காக்கி மாட்டினார். தன் துணியைத் தானே எடுத்து, தானே மடித்து வைக்கவும் அங்கேதான் பழகினார்.

குளியலறைக்குப் பக்கம் என்றால் ஈரம் வரும். பின்சுவர் குளியலறைச் சுவராக இருந்தால் துணியில் பூசணம் பிடிக்கும். எதிர்ச் சுவரில் வைத்ததால் தப்பித்தோம். கதவுக்கு பி.வி.சி. போடலாம் என்று யோசனை சொன்னது ஆலையில் வேலை பார்த்த பெரியப்பா. எங்கள் ஊரில் 1965-இல் மால்கோ அலுமினிய ஆலையும் 1967-இல் கெம்ப்ளாஸ்ட்டின் பி.வி.சி. ஆலையும் வந்தன. வெள்ளை மாவு மாதிரி மூட்டையில் போகிற பி.வி.சி. எங்கெங்கோ போய்க் குழாயாகவும் கதவாகவும் மாறும். தண்ணீர் பட்டால் ஊறாது, கரையான் தொடாது. நடை அலமாரிக்கு அது சரியாகப் பொருந்தியது. மற்ற அலமாரிகளுக்கு பிளைவுட்டும் மைக்காவும். தரையிலிருந்து 4 அங்குலம் தூக்கித்தான் அடித்தட்டு ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் வீடு துடைக்கிற தண்ணீர் மரத்தில் ஏறும். கதவின் மேலும் கீழும் காற்றுக்கு வரிசையாக ஓட்டை போடச் சொன்னார் ஆசாரி. இந்த இரண்டையும் இன்றைக்குப் பளபளவென்று வீட்டு உள்வேலை செய்து தருகிற பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

அம்மாவின் அலமாரி ஒன்றுதான் கடப்பா கல் இல்லாமல் வந்தது. கல்லைச் சுவரில் பதித்துவிட்டால் பதித்ததுதான். அம்மா ஆசாரியைக் கூப்பிட்டு, “ஏங்க ஆசாரி, எனக்குப் பலகையே போதுமுங்க. இன்னைக்கு இங்க இருக்கிறது நாளைக்கு மாத்தோணும்னா மாத்தறாப்புல செஞ்சு குடுங்க” என்றார். அவர் இரண்டு பக்கமும் ரீப்பர் கட்டை அடித்து, அதன் மேல் பலகையைச் சும்மா உட்காரவைத்தார். ரீப்பரைக் கழற்றி வேறு உயரத்தில் முடுக்கினால் தட்டு இடம் மாறிவிடும். இடுப்பு உயரத்திலிருந்து கண் உயரம்வரை அம்மாவின் புடவைகள், முழுக்க முழுக்க.

அடியில் மூன்றடி அகலத்துக்கு ஒரு வெற்றிடம் விடச் சொன்னார். அது அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், மரப்பெட்டிக்கு. அம்மாயி பிறந்த ஊர் அணைக்குள் போய்விட்ட ஊர்களில் ஒன்று. 1925-இல் தொடங்கிய அணை வேலை 1934-இல் முடிந்து, ஸ்டான்லி நீர்த்தேக்கம் நிரம்பியபோது காவிரிக் கரையில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டை விட்டுக் கிளம்பின. நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தலை காட்டும். பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிறார்கள். அம்மாயி ஒருதரம்கூட வந்து பார்க்கவில்லை. அவர் சொல்லுவது வீட்டைப் பற்றித்தான்: குதிரில் தானியம், அடுக்குப்பானையில் பருப்பும் பயறும், மாடக்குழியில் விளக்கு, உறியில் தயிர், கொடியில் துணி. எல்லாம் கட்டடத்தோடு சேர்ந்த சேமிப்பு, கிளப்பிக்கொண்டு போக முடியாது. பெட்டி ஒன்றுதான் வண்டியில் ஏறியது. உள்ளே இரண்டு சேலை, வசம்பு, காய்ந்த வேப்பிலை. பித்தளைக் குமிழ் வைத்த மூடி, ஒரு பக்கக் கீல் மட்டும் பிற்பாடு மாற்றியது. அந்தப் பெட்டிக்கென்று அளந்து இடம் விட்ட அலமாரி வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை.

அம்மாவின் கல்யாணப் பட்டு 1968-இல் எடுத்தது. ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, அதற்குப் பொன்முலாம் ஏற்றியது. ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் மடிப்புக் கோட்டில் வெள்ளி இழை வெட்டுப்பட்டு, பட்டும் அங்கேயே விட்டுப்போகும். பீரோவின் உச்சித் தட்டில் எட்டாமல் இருந்த காலத்தில் அந்தப் புடவையின் முந்தானையில் அப்படி ஒரு கோடு விழுந்தது. விரலால் தடவினால் நூல் சிலிர்த்து நிற்பது தெரியும். கைக்கு எட்டும் தட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்கிறார். கோடு அதற்கு மேல் ஓடவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட மாட்டார், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பழைய மல் வேட்டியில் சுற்றி வைப்பார். அப்பாவின் கல்யாண வேட்டி சேலம் வெண்பட்டு, அதுவும் அதே பொட்டலத்தில்தான். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது, பட்டால் கறுக்கும். துணியில் முடிந்து மூலையில் போட வேண்டும். கஞ்சி போட்ட துணியை அப்படியே நெடுநாள் அடுக்கக் கூடாது. ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் விருந்து. எடுத்து வைக்கிற துணியைக் கஞ்சியில்லாமல் அலசி, நன்றாக உலர்ந்தபின் வைக்க வேண்டும்.

துணியைச் சின்னதாக மடித்து நெட்டுக்குத்தலாக நிறுத்துகிற ஜப்பானிய மரி கோண்டோவின் முறையை அக்கா ஒருதடவை முயன்றாள். டி-சர்ட்டுக்கும் துண்டுக்கும் அருமை. பட்டு வழுக்கும், நிற்காது. இளம்பிள்ளைப் புடவை ஓரளவு நிற்கும். நம் துணிக்கு நம் மடிப்பு.

2017-இல் அம்மாவுக்கு வலது தோள் இறுகிவிட்டது. கை தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. முழங்காலும் முன்போல் மடங்கவில்லை. 23 வருஷமாக எட்டிய மேல் தட்டு எட்டாமல் போனது. தம்பி ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து ரீப்பரைக் கழற்றி, எல்லாத் தட்டையும் ஒரு சாண் கீழே இறக்கினான். மதியத்துக்குள் வேலை முடிந்தது. கல் பதித்த அலமாரியாக இருந்திருந்தால் சுவரை இடித்திருக்க வேண்டும். மேலே காலியான இடத்தில் அப்பாவின் வேட்டிகள் ஏறின. அப்பாவுக்கு இன்னும் கை நன்றாகத் தூக்க வருகிறது. அம்மாவுக்கு எது வேண்டுமோ அதையும் தானே எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார். “எடுத்துக் குடுக்க வேண்டாம். எட்டறாப்புல இருந்தாப் போதும்” என்றார் அம்மா.

இந்த வருஷம் அக்கா மகள் சேலத்தில் ஃபிளாட் வாங்கியிருக்கிறாள். உள்வேலை செய்கிற கம்பெனி அனுப்பிய படத்தை போனில் காட்டினாள். கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, அழகாகத்தான் இருந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கி, “தட்டுக்குத் தட்டு எத்தனை இஞ்சு?” என்று கேட்டார். எல்லாமே 15. “உன்ற வீட்டுக்காரரு துணி எங்க, உன்ற துணி எங்க?” அதைப் பற்றிக் கம்பெனியும் கேட்கவில்லை, இவர்களும் பேசிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் 5 அடி 5. அக்கா மகள் 5 அடி 8. வீட்டில் இருந்துகொண்டு அமெரிக்கக் கம்பெனிக்கு ராத்திரி வேலை பார்க்கிறவள் அவள், காலையில் நேரத்தோடு கிளம்புகிறவர் அவர். “அம்மாயி, உங்க நோட்டு இருக்குதா? அதுல இருக்கற அளவையே சொல்லிடறேன்” என்றாள்.

“என்ற அளவு உனக்கு எதுக்கு ஆவும் கண்ணு? நீ கையத் தூக்கி நில்லு. மாப்பிள்ளே, நீங்களும் எந்திரிச்சு வாங்க” என்று சொல்லிவிட்டு அம்மா இஞ்ச் டேப்பை எடுத்துவரச் சொன்னார்.